போட்டோ மாஸ்க் என்றால் என்ன? பழைய படங்களைக் கெடுக்காமல் டிஜிட்டல் ஆல்பம் செய்வது எப்படி? முழு விளக்கம்

2001-ல் வெளியான அஜித்தின் 'சிட்டிசன்' படத்தை யாரும் அவ்வளவு சீக்கிரம் மறந்திருக்க முடியாது. வரைபடத்தில் இருந்தே அழிக்கப்பட்ட அத்திப்பட்டி என்ற ஊர்தான் கதையின் மையம். அது கற்பனை ஊர். ஆனால் கிட்டத்தட்ட அதே பெயரில் ஒரு நிஜ ஊர் திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது. சென்னை சென்ட்ரலில் இருந்து கும்மிடிப்பூண்டி போகும் புறநகர் ரயிலில் எண்ணூரைத் தாண்டினால் அத்திப்பட்டு புதுநகர், அடுத்தது அத்திப்பட்டு.

இந்த ஊர் வரைபடத்தில் பத்திரமாக இருக்கிறது. ஆனால் சுற்றியுள்ள காட்சி ஒரே தலைமுறையில் தலைகீழாக மாறிவிட்டது. வட சென்னை அனல் மின் நிலையத்தின் முதல் அலகு 1994-ல் இயங்கத் தொடங்கியது. எண்ணூர் துறைமுகம் 2001-ல் செயல்பாட்டுக்கு வந்தது. 1970-ல் தொடங்கிய பழைய எண்ணூர் அனல் மின் நிலையம் 2017-ல் மூடப்பட்டது. கொசஸ்தலை ஆற்றங்கரையும் உப்பளங்களும் முன்பு எப்படி இருந்தன என்று பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட, பல வீடுகளில் இருக்கும் ஒரே ஆதாரம் பழைய புகைப்படங்கள்தான்.

அந்தப் படங்களும் நல்ல நிலையில் இல்லை. 2015 டிசம்பர் வெள்ளம், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழை, அதோடு சேர்ந்து எண்ணூர் பகுதியில் பரவிய எண்ணெய்க் கசிவு என்று எத்தனையோ வீடுகளில் பீரோவுக்குள் இருந்த ஆல்பம் வரை தண்ணீர் போனது. மூலை கிழிந்தவை, பூஞ்சை பிடித்தவை, பாதி வெளுத்தவை என மிச்சம் இருப்பதை வைத்து ஒரு அழகான ஆல்பம் செய்ய முடியுமா?

முடியும். அதற்கு உதவும் எளிய கருவிதான் 'போட்டோ மாஸ்க்'. அது என்ன, எப்படி வேலை செய்கிறது, மொபைலிலும் கம்ப்யூட்டரிலும் எப்படிப் பயன்படுத்துவது என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

டிஜிட்டல் ஸ்கிராப்புக் என்றால் என்ன?

ஒரு நோட்டில் போட்டோவை ஒட்டி, பக்கத்தில் ரயில் டிக்கெட், கல்யாணப் பத்திரிகையின் ஒரு துண்டு, காய்ந்த பூ எல்லாம் சேர்த்து, கீழே நாலு வரி எழுதி வைப்பதுதான் ஸ்கிராப்புக். அதையே கம்ப்யூட்டரிலோ மொபைலிலோ செய்தால் டிஜிட்டல் ஸ்கிராப்புக். நம்ம ஊர் கல்யாண ஆல்பங்கள் பார்த்திருப்பீர்கள். மணமக்களின் படம் ஓரத்தில் புகைபோல் கரைந்து பூக்களோடு கலந்திருக்கும். அதுவும் இதே கலைதான். அந்தக் 'கரைதல்' முழுக்க மாஸ்க் செய்யும் வேலை.

சரி, மாஸ்க் என்ன செய்கிறது?

ஒரே வரியில் சொன்னால், மாஸ்க் மறைக்கும், அழிக்காது.

பள்ளியில் படித்த வேற்றுமைத்தொகை ஞாபகம் இருக்கிறதா? 'பால் குடித்தான்' என்கிறோம். அதில் 'ஐ' என்ற உருபு கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் அழிந்துபோகவில்லை, மறைந்து நிற்கிறது. வேண்டுமென்றால் 'பாலைக் குடித்தான்' என்று விரித்துக்கொள்ளலாம். மாஸ்க்கும் அப்படித்தான். படத்தின் ஒரு பகுதியை மறைத்து வைக்கும். வேண்டும்போது திரும்ப விரித்துக்கொள்ளலாம்.

இதற்கு நேர்மாறானது ரப்பர், அதாவது 'எரேசர்' கருவி. அதை வைத்துத் தேய்த்தால் அந்த இடத்தில் இருந்த படம் போயே போச்சு. சேமித்து மூடிவிட்டால் பிறகு திரும்ப எடுக்க வழியில்லை. ஒரே ஒரு பிரதி மட்டும் இருக்கிற தாத்தா படத்தில் இந்த வித்தியாசம் ரொம்பப் பெரியது.

மாஸ்க்கின் விதி மூன்றே மூன்று:

• வெள்ளை இருக்கும் இடத்தில் படம் தெரியும்.
• கறுப்பு இருக்கும் இடத்தில் படம் மறையும்.
• சாம்பல் இருக்கும் இடத்தில் படம் மங்கலாக, பாதி ஊடுருவித் தெரியும்.

அவ்வளவுதான். மீதி எல்லாமே இந்த மூன்று விதிகளை வைத்து ஆடும் விளையாட்டு.

இது கம்ப்யூட்டர் வந்த பிறகு வந்ததா?

இல்லை. கம்ப்யூட்டருக்கு ரொம்ப முன்பே வந்தது.

1940-ல் வந்த 'உத்தமபுத்திரன்' படத்தில் பி.யு.சின்னப்பா இரட்டை வேடத்தில் நடித்தார். பிறகு சிவாஜி, எம்ஜிஆர் என்று வரிசையாக இரட்டை வேடப் படங்கள் வந்தன. ஒரே நடிகர் ஒரே காட்சியில் இரண்டு பேராக நிற்பதற்கு அந்தக் காலத்தில் கைகொடுத்த அடிப்படை உத்திக்குப் பெயரே 'மாஸ்க் ஷாட்'. லென்ஸின் ஒரு பாதியை மறைத்து ஒரு முறை படம் பிடிப்பார்கள். பிலிமைப் பின்னால் சுற்றி, மறுபாதியை மறைத்து அதே பிலிமில் இன்னொரு முறை எடுப்பார்கள். மறைத்த இடத்தில் வெளிச்சம் படாததால் அந்தப் பகுதி அடுத்த முறைக்காகக் காத்திருக்கும். பிரான்ஸில் ஜார்ஜ் மெலியெஸ் 1898-லேயே இதே முறையில் ஒரே ஆளின் நான்கு தலைகளைத் திரையில் காட்டினார்.

போட்டோ ஸ்டூடியோக்களும் இதைச் செய்தன. முட்டை வடிவில் ஓட்டை போட்ட அட்டையை வைத்துப் பிரிண்ட் போட்டால் முகத்தைச் சுற்றி ஓரம் மெதுவாகக் கரையும். மத்தியப் பிரதேசத்தில் நாக்தா என்ற தொழிற்சாலை நகரத்தின் ஸ்டூடியோக்களில் இப்படி இரட்டைப் படங்களும் கலவைப் படங்களும் எடுக்கப்பட்டதை, ஆய்வாளர் கிறிஸ்டோபர் பின்னி 1997-ல் வெளியான தன் 'கேமரா இண்டிகா' நூலில் விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். தமிழ்நாட்டின் பழைய ஸ்டூடியோ படங்களை, புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் பிரிட்டிஷ் லைப்ரரியின் உதவியோடு தேடிப்பிடித்து டிஜிட்டல் வடிவில் சேமித்திருக்கிறார்கள். நம் வீட்டுச் சுவரில் தொங்கும் படம், ஆய்வாளர்கள் ஊர் ஊராகத் தேடும் ஆவணம் என்பதை இதில் இருந்தே புரிந்துகொள்ளலாம்.

போட்டோஷாப் மென்பொருள் 1990-ல் வந்தது. ஒன்றின் மேல் ஒன்றாகப் படங்களை அடுக்கும் 'லேயர்' வசதி 1994-ல் வந்த அதன் மூன்றாவது பதிப்பில்தான் சேர்ந்தது. லென்ஸில் வைத்த அட்டை, அதன் பிறகு திரைக்குள் வந்துவிட்டது.

இரண்டு வகை மாஸ்க்: இங்கேதான் பலரும் குழம்புவார்கள்

1. லேயர் மாஸ்க்: இது படத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு கறுப்பு வெள்ளைத் திரை. மேலே சொன்ன மூன்று விதிகளும் இதற்குத்தான். பிரஷ்ஷை எடுத்துக் கறுப்பில் பூசினால் மறையும், வெள்ளையில் பூசினால் திரும்ப வரும்.

2. கிளிப்பிங் மாஸ்க்: இது பிஸ்கட் அச்சு மாதிரி. கீழே ஒரு வடிவம், மேலே உங்கள் படம். படம் அந்த வடிவத்துக்குள் மட்டும் தெரியும். ஸ்கிராப்புக் செய்பவர்கள் 'போட்டோ மாஸ்க்' என்று இணையத்தில் இருந்து இறக்கும் கோப்புகள் பெரும்பாலும் இந்த வகைக்குத்தான். கிழிந்த காகிதம், வாட்டர்கலர் தீற்றல் போன்ற வடிவங்களில் பிஎன்ஜி கோப்பாக இருக்கும்.

இந்த இரண்டாவது வகையில் வடிவத்தின் நிறம் ஒரு பொருட்டே இல்லை. கறுப்புத் தீற்றலாக இருந்தாலும் சிவப்பாக இருந்தாலும் ஒன்றுதான். அந்த இடத்தில் மை இருக்கிறதா, காலியாக இருக்கிறதா என்பது மட்டும்தான் கணக்கு. 'கறுப்பு மறைக்கும்னு சொன்னாங்களே, இங்க கறுப்புல படம் தெரியுதே' என்று குழம்பினால், வகை மாறிவிட்டது என்று அர்த்தம்.

தொடங்கும் முன் செய்ய வேண்டியவை

• முதலில் படத்தை ஸ்கேன் செய்யுங்கள். போஸ்ட்கார்டு அளவுப் படத்துக்கு 600 டிபிஐ வைப்பது நல்லது. ஸ்கேனர் இல்லையென்றால் ஜன்னல் ஓரம் நேரடி வெயில் படாத இடத்தில் படத்தை வைத்து, மொபைலை அதற்கு நேர் மேலே பிடித்து எடுங்கள்.
• கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்காதீர்கள். மேல் படலம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடு சேர்த்தே படம் எடுங்கள்.
• வாட்ஸ்அப்பில் வாங்கினால் போட்டோவாக வாங்காமல் 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். போட்டோவாக அனுப்பினால் அளவு சுருங்கி, பிரிண்ட் எடுக்கும்போது முகம் மங்கிவிடும்.
• ஸ்கேன் செய்த கோப்பை 'மூலம்' என்ற தனி ஃபோல்டரில் போட்டு வையுங்கள். அதைத் தொடவே கூடாது. நகல் எடுத்து, அதில்தான் வேலை.

பக்கத்தின் அளவையும் முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். 12க்கு 12 அங்குலப் பக்கத்தை 300 டிபிஐ தரத்தில் அச்சடிக்க 3600க்கு 3600 பிக்சல் வேண்டும். கல்யாண ஆல்பம் போல 12க்கு 36 அங்குலத்தில் விரிந்த பக்கம் என்றால் 3600க்கு 10800 பிக்சல்.

செய்து பார்ப்போம்: ஒரு அத்திப்பட்டு பக்கம்

உதாரணத்துக்கு உங்களிடம் மூன்று படங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆற்றில் படகோடு நிற்கும் தாத்தா, அத்திப்பட்டு ரயில் நிலையப் பெயர்ப்பலகை, உப்பளத்தில் வேலை நடக்கும் காட்சி. தாத்தா படத்தின் வலது மூலை தண்ணீர் பட்டு வெளுத்துவிட்டது.

இதற்கு 'போட்டோபீ' என்ற இணையதளம் போதும். பிரவுசரிலேயே இயங்கும், பணம் கட்டத் தேவையில்லை. அமைப்பு கிட்டத்தட்ட போட்டோஷாப் போலவே இருக்கும்.

படி 1: 'ஃபைல்' மெனுவில் 'நியூ' கொடுத்து 3600க்கு 3600 அளவில் பக்கம் திறக்கவும். பழைய காகிதம் போன்ற பின்னணி ஒன்றை வைக்கவும். பழைய நோட்டின் வெற்றுப் பக்கத்தை ஸ்கேன் செய்தாலே அருமையான பின்னணி கிடைக்கும்.

படி 2: 'ஓபன் அண்ட் பிளேஸ்' மூலம் மாஸ்க் வடிவத்தைக் கொண்டு வந்து வேண்டிய இடத்தில் வைக்கவும்.

படி 3: அதே வழியில் தாத்தா படத்தைக் கொண்டு வரவும். லேயர் பட்டியலில் இது மாஸ்க் வடிவத்துக்கு நேர் மேலே இருக்க வேண்டும். நடுவில் வேறு லேயர் வந்தால் வேலை செய்யாது.

படி 4: படத்தின் லேயரைத் தேர்ந்தெடுத்து, 'லேயர்' மெனுவில் 'கிளிப்பிங் மாஸ்க்' கொடுக்கவும். கண்ட்ரோல், ஆல்ட், ஜி மூன்றையும் சேர்த்து அழுத்தினாலும் போதும். படம் வடிவத்துக்குள் போய் உட்கார்ந்துவிடும்.

படி 5: இப்போது படத்தை மட்டும் நகர்த்திப் பாருங்கள். வடிவம் அப்படியே நிற்கும், உள்ளே படம் நகரும். தாத்தாவின் முகம் வடிவத்தின் திடமான பகுதியிலும், வெளுத்துப்போன வலது மூலை வடிவத்துக்கு வெளியிலும் வருகிற மாதிரி வைக்கவும். சேதமான மூலை மறைந்துவிட்டது. ஆனால் வெட்டப்படவில்லை.

படி 6: மீதி இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்து, இவற்றுக்கு லேயர் மாஸ்க் பயன்படுத்தலாம். லேயர் பட்டியலுக்குக் கீழே உள்ள மாஸ்க் பட்டனை அழுத்தினால் படத்துக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக் கட்டம் வரும். அந்தக் கட்டத்தைக் கிளிக் செய்து, ஓரம் மென்மையான பெரிய பிரஷ்ஷில் கறுப்பை எடுத்துப் படத்தின் விளிம்புகளில் பூசவும். அதிகமாக மறைந்துவிட்டால் எக்ஸ் எழுத்தை அழுத்துங்கள், நிறம் வெள்ளைக்கு மாறும். மேலே பூசினால் மறைந்தது திரும்பி வரும்.

படி 7: கீழே எழுதுங்கள். யார், எந்த இடம், எந்த ஆண்டு, யார் எடுத்தது. ஆண்டு சரியாகத் தெரியாவிட்டால் 'துறைமுகம் வருவதற்கு முன்' என்று எழுதினாலே போதும். இருபது வருடம் கழித்துப் பார்ப்பவருக்கு அலங்காரத்தைவிட இந்த வரிதான் முக்கியம்.

படி 8: சேமிக்கும்போது இரண்டு பிரதி வேண்டும். ஒன்று பிஎஸ்டி கோப்பு, இதில் லேயரும் மாஸ்க்கும் அப்படியே இருக்கும். இன்னொன்று பிரிண்டுக்கான ஜேபிஇஜி. ஜேபிஇஜி மட்டும் வைத்திருந்தால் எல்லா லேயரும் ஒன்றாக ஒட்டிப்போயிருக்கும், மறைத்ததை விரிக்க முடியாது.

மொபைல் மட்டும்தான் இருக்கிறதா?

'கேன்வா' செயலியில் 'எலிமெண்ட்ஸ்' பகுதியில் 'ஃப்ரேம்' என்று தேடுங்கள். வட்டம், கிழிந்த காகிதம், எழுத்து வடிவம் என நிறைய வரும். படத்தை அதற்குள் இழுத்துப் போட்டால் தானாகப் பொருந்தும். இருமுறை தட்டினால் உள்ளே நகர்த்தலாம். இதுவும் கிளிப்பிங் மாஸ்க்தான், பெயர்தான் வேறு. ஆனால் பிரஷ்ஷால் பூசும் நுணுக்கத்துக்குக் கம்ப்யூட்டர்தான் வசதி.

கம்ப்யூட்டரில் இணையம் இல்லாமல் வேலை செய்ய 'ஜிம்ப்' என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. லேயர் மீது ரைட் கிளிக் செய்து 'ஆட் லேயர் மாஸ்க்' கொடுத்து, வெள்ளையைத் தேர்ந்தெடுத்தால் அதே வேலை நடக்கும்.

மாஸ்க்கை நாமே செய்யலாமா?

தாராளமாக. காசு கொடுத்து வாங்க வேண்டியதே இல்லை. குழந்தைகளின் கறுப்புச் சிலேட்டை எடுங்கள். சாக்பீஸைப் படுக்கவைத்து நடுவில் அழுத்தமாகவும் ஓரத்தில் லேசாகவும் தேய்த்து, மொபைலில் படம் எடுங்கள். வெள்ளை தெரியும், கறுப்பு மறையும் என்ற விதிப்படி அதுவே தயார் நிலை மாஸ்க். படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றி, கறுப்பை இன்னும் கறுப்பாக்கி நகலெடுத்துக்கொள்ளுங்கள். போட்டோஷாப்பில் ஆல்ட்டை அழுத்திக்கொண்டு மாஸ்க் கட்டத்தைக் கிளிக் செய்து, அதில் ஒட்டினால் போதும்.

வாசலில் போட்ட கோலத்தையும் இப்படிப் பயன்படுத்தலாம். ஆனால் கோட்டுக்கோலம் மெல்லியது, அதற்குள் முகம் தெரியாது. அதைப் பக்கத்தின் ஓர அலங்காரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அடிக்கடி வரும் சிக்கல்கள்

படத்தின் மீது கறுப்புக் கறை விழுகிறதே? மாஸ்க் கட்டத்துக்குப் பதில் படத்தின் கட்டத்தைத் தேர்ந்தெடுத்துப் பூசுகிறீர்கள். கண்ட்ரோல், இசட் அழுத்திப் பின்வாங்கி, மாஸ்க் கட்டத்தைக் கிளிக் செய்யுங்கள்.

மாஸ்க் வடிவத்தைச் சுற்றி வெள்ளைப் பெட்டி தெரிகிறதே? அது ஜேபிஇஜி கோப்பு. அந்த வகை கோப்பில் ஊடுருவித் தெரியும் பகுதி இருக்காது. பிஎன்ஜி வேண்டும்.

முகம் பாதி கரைந்து தெரிகிறதே? முகம் வடிவத்தின் மெல்லிய ஓரத்தில் இருக்கிறது. நடுவுக்கு நகர்த்துங்கள், அல்லது வடிவத்தைப் பெரிதாக்குங்கள்.

மாஸ்க்கைப் போட்டது சரியா என்று எப்படிப் பார்ப்பது? போட்டோஷாப்பில் ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு மாஸ்க் கட்டத்தைக் கிளிக் செய்தால், மாஸ்க் தற்காலிகமாக விலகி முழுப் படமும் தெரியும். மறுபடி கிளிக் செய்தால் திரும்பும்.

எதை மறைக்கலாம், எதை மறைக்கக் கூடாது?

இதுதான் முக்கியமான கேள்வி. கிழிசலை மறைக்கலாம், பூஞ்சைக் கறையை மறைக்கலாம். ஆனால் பின்னணியில் தெரியும் புகைபோக்கி, கூரை வீடு, வலை காயும் கரை போன்றவற்றை 'அசிங்கமா இருக்கு' என்று மறைத்துவிட்டால், அந்தப் படம் எந்த ஊரில் எடுத்தது என்ற தடயமே போய்விடும். மாறிப்போன ஊரில் பின்னணிதான் பாதி வரலாறு.

இறந்துபோன அப்பாவைப் பிள்ளையின் கல்யாணப் படத்தில் சேர்ப்பது நம்ம ஊரில் பழகிப்போன ஒன்று. அதில் தவறே இல்லை. ஆனால் 'இது பிறகு சேர்த்தது' என்று கீழே ஒரு வரி எழுதி வைத்துவிடுங்கள். அடுத்த தலைமுறைக்கு அது தெரிய வேண்டும்.

ஏஐ செயலிகளில் பழைய படத்தைக் கொடுத்தால் 'புதுசு போல' ஆக்கித் தருகின்றன. அங்கே நடப்பது மறைத்தல் அல்ல. இல்லாத பகுதியை அந்தச் செயலி தானே ஊகித்து வரைகிறது. மங்கிய முகத்தைத் தெளிவாக்கும்போது, கண்ணும் மூக்கும் கொஞ்சம் மாறி, பாட்டி வேறு யாரோ ஆகிவிடலாம். மாஸ்க் எதையும் புதிதாக வரைவதில்லை. இருப்பதில் எது தெரிய வேண்டும் என்று மட்டும் தீர்மானிக்கிறது.

இன்னொரு விஷயம். வெள்ளச் சேதம், இழப்பீடு, நிலப் பிரச்சனை போன்றவற்றுக்காக எடுத்த படங்களில் இந்த வேலை எதையும் செய்யாதீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-வது பிரிவு, மின்னணு ஆவணங்களை நீதிமன்றத்தில் சான்றாக வைக்கும்போது அதற்கான சான்றிதழைக் கேட்கிறது. அங்கே தேவைப்படுவது கேமராவில் இருந்து வந்த கோப்பு, ஆல்பத்துக்காக அழகுபடுத்திய நகல் அல்ல.

படம் தண்ணீரில் நனைந்துவிட்டால்?

வடகிழக்குப் பருவமழைக் காலத்துக்கு இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். நனைந்த படங்களை ஒன்றோடொன்று ஒட்டிக் காய விடாதீர்கள், பிறகு பிரிக்க முடியாது. ஈரமாக இருக்கும்போதே மெதுவாகப் பிரித்து, சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் அலசி, படம் மேலே பார்க்கும்படி நிழலில் காய வையுங்கள். படத்தின் முகப்பைத் தேய்க்கவோ துடைக்கவோ வேண்டாம். உடனே செய்ய நேரம் இல்லையென்றால் பிளாஸ்டிக் பையில் போட்டு ஃப்ரீசரில் வைத்து, பிறகு நிதானமாகப் பார்க்கலாம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஆல்பத்தை இறக்கி, ஒரே ஒரு படத்தை மட்டும் ஸ்கேன் செய்து ஆரம்பியுங்கள். படத்தில் இருப்பவர்கள் யார் யார் என்று சொல்லத் தெரிந்த பெரியவர் வீட்டில் இருந்தால், அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அந்தப் பெயர்களை முதலில் எழுதிவிடுங்கள். மாஸ்க் போடும் வேலையை அடுத்த வாரம்கூடப் பார்த்துக்கொள்ளலாம்.